குழந்தைகள் ஏறாத கப்பல்

போன வாரம் பழைய ஆபீசிலிருந்து போன் வந்தது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காரும் பெண்தான் பேசினாள். யாரோ கணவன் மனைவி சின்னக் கப்பலில் நாலைந்து நாள் போய்வர ஆசைப்படுகிறார்களாம். ஆனால் குழந்தைக் கூட்டம் இருக்கக் கூடாதாம். எந்த மாதத்தில் போடலாம் மேடம் என்று கேட்டாள். கம்ப்யூட்டரைக் கேளேன் என்றேன். கேட்டாளாம். வருடம் முழுக்க நல்ல மாதம் என்று அது சொன்னதாம். டிக்கெட் விற்கிற கம்ப்யூட்டர் வேறு எப்படிச் சொல்லும்?

மாசி என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ஏன் மாசி என்று கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு காரணத்தைக் கேட்காமல் விட எப்படித்தான் மனசு வருகிறதோ. எனக்கு இந்த வயதிலும் அந்தக் குணம் வாய்க்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். முசரவாக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நான் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த டிராவல்ஸ் ஆபீசுக்குக் கடிதம் அடிக்கப் போனேன். கடிதம் அடித்தது கொஞ்ச காலம்தான். பிறகு ரயில் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றேன், காசி யாத்திரை கோஷ்டிக்குச் சமையல்காரர் பிடித்தேன், வடக்கே ஏதேதோ ஸ்டேஷன்களில் தொலைந்துபோன மாமாக்களைத் தேடி அலைந்தேன். கர்த்தரை நம்புகிறவள் இத்தனை முறை காசிக்குப் போய்வந்தது எங்கள் சர்ச்சில் ரொம்ப நாள் கேலியாக ஓடியது. ஓய்வு பெறும்போது என் மேஜைமேல் டூர் மேனேஜர் என்று பலகை இருந்தது.

முதலாளி பெயர் ரங்கநாதன். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவர் அப்பா காலத்தில் ஜரிகை வியாபாரம். ஆள் மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். வருகிறவர்களிடம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அவர் எடுத்ததும் கேட்க மாட்டார். முதலில் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். வீட்டில் யார் யார், எந்த மாதம் வேலை அதிகம், யாருக்கு முட்டிவலி, யாருக்குப் படியேற முடியாது, யார் வெங்காயம் சாப்பிட மாட்டார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். எல்லாம் தெரிந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு தெலுங்கில் தனக்குள் முணுமுணுப்பார். கணக்கு சரியாக வந்துவிட்டால் “சரே” என்பார். அந்தச் சொல் விழாமல் நான் டிக்கெட் போடக் கூடாது.

இத்தனை கேட்கிற மனுஷர் ஒன்றை மட்டும் கேட்க மாட்டார். நான் சேர்ந்த புதிதில், அறுபது வயதில் ஹனிமூன் அறை கேட்ட ஒருவரிடம் ஏன் சார் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“எப்பன்னு கேளு. யாருன்னு கேளு. இன்னா சாப்பிடுவாங்கன்னு கேளு. ஏன்னு மட்டும் கேக்காதம்மா. சொல்லணும்னு தோணுச்சுன்னா அவங்களே சொல்வாங்க.”

அந்தச் சட்டம் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனாலும் வேலையை விட்டு வரும்வரை கடைப்பிடித்தேன். வாய் சும்மா இருந்ததே தவிர, மனசு ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு கதை கட்டிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் ஊரில் யார் எப்போது ஊருக்குப் போவார்கள் என்பதைப் புடவைதான் தீர்மானிக்கும். தை, மாசி, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதம் வந்தால் பட்டுக்கடைக்காரர் வீட்டில் ஒருவரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதால் மூச்சு விடுவார்கள். தீபாவளி வியாபாரம் முடிந்ததும் ஒரு வாரம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எங்காவது கிளம்புவார்கள். பட்டுக்கடைகள் இருக்கும் காந்தி ரோட்டில் கார் குறைவாக நின்றால் எங்கள் மாடிப்படியில் செருப்பு நிறைய கிடக்கும்.

அப்படி ஒரு சமயத்தில்தான் இந்தச் சின்னக் கப்பல் பயணம் எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. கொல்கத்தாவில் ஏறி, ஆற்றில் மேல்முகமாகப் போய், வழியில் கோயிலும் கிராமமும் பார்த்துத் திரும்பும் கப்பல். மொத்தமே இருபது அறை சொச்சம். மேல்தளத்தில் பிரம்பு நாற்காலிகள், கீழே சாப்பாட்டுக்கூடம், நடுவில் ஒரு படிக்கட்டு. பெரிய கப்பலில் குழந்தைக் கூட்டம் இருந்தால் நாம் வேறு மாடிக்குப் போய்விடலாம். சின்னக் கப்பலில் எங்கே போவது? ஒரு குழந்தை அடம்பிடித்தால் மாலுமி அறை வரைக்கும் கேட்கும். அதனால் அந்தக் கப்பலுக்குத் தேதி குறிப்பது தனி வித்தை.

அந்த வித்தையை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றோம். பட்டுக்கடை முதலாளிகள் சிலர் மனைவிகளோடு போக விரும்பினார்கள். அந்தக் கோஷ்டிக்குத் தலைவி கஸ்தூரியம்மா. வீட்டில் பேரன் பேத்தி ஆறு பேர், எல்லோரும் அவர் இடுப்பிலும் முதுகிலும் வளர்ந்தவர்கள். கொஞ்ச நாளைக்குக் குழந்தை சத்தமே கேட்காத இடமாகப் பாருங்கள் என்று கேட்டார். முதலாளி கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். தீபாவளிக்கு நம் பள்ளிக்கூடங்களில் ஒன்றிரண்டு நாள்தான் லீவு. அது முடிந்து பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்குப் போய்விடும். கடைக்காரர்களும் ஓய்வாக இருப்பார்கள். சரே.

கொல்கத்தாவில் கப்பல் ஏறினோம். ஏணிப்படியில் கால் வைத்ததும் என் முழங்காலுக்குக் கீழே ஏதோ ஓடியது. ஒரு பொடியன். அவனைத் துரத்திக்கொண்டு இன்னொருத்தி. மேலே போய்ப் பார்த்தால் பிரம்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் குஜராத்திக் குடும்பங்கள். அவர்கள் ஊரில் தீபாவளி கழிந்துதான் பள்ளிக்கு நீண்ட விடுமுறையாம். நமக்கு லீவு முடிகிற இடத்தில் அவர்களுக்குத் தொடங்குகிறது.

கஸ்தூரியம்மா என்னைப் பக்கத்தில் அழைத்து, ரொம்ப அமைதியாக, “ஏம்மா எஸ்தர், நம்ம வூட்டுப் பிள்ளைங்கள வுட்டுட்டு, சூரத்துப் பிள்ளைங்கள மேய்க்கறதுக்கா இத்தினி தூரம் வந்தோம்?” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பயணம் முடிவதற்குள் ஒரு குஜராத்திப் பெண்குழந்தைக்கு அவரே தலைபின்னிவிட்டுக்கொண்டிருந்தார். அது வேறு விஷயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊர்ப் புடவையில் ஓடுகிற ஜரிகை வருவதே சூரத்திலிருந்துதான். சூரத்துக்காரர்கள் மாதாமாதம் எங்கள் தெருவுக்கு வந்துபோகிறார்கள். அவர்களோடு டீ குடிக்கிறோம், விலை பேசுகிறோம். உங்கள் பிள்ளைகளுக்கு எப்போது லீவு என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. முதலாளி அன்றிலிருந்து அதைக் கேட்க ஆரம்பித்தார். குஜராத் லீவைச் சொல்ல ஜரிகைக்காரர், கர்நாடகா லீவைச் சொல்லக் கோறா என்கிற கச்சாப் பட்டு அனுப்பும் பெங்களூர்க்காரர், வங்காள லீவைச் சொல்லப் புடவை வாங்க வரும் கொல்கத்தா வியாபாரி. சரக்கைப் பற்றிப் பேசி முடித்ததும், பிள்ளைகளுக்குப் பரீட்சை எப்போது என்று கேட்பார். அவர்களும் மகிழ்ந்துபோய்ப் பிள்ளைகளின் மார்க்கு வரைக்கும் சொல்வார்கள்.

அப்படிச் சலித்துச் சலித்துத்தான் மாசி வந்தது. சித்திரை, வைகாசியில் கோடை விடுமுறை. ஆனியிலிருந்து ஆவணி வரை ஆற்றில் வெள்ளம், கப்பல் ஓடாது. புரட்டாசி, ஐப்பசியில் வங்காளத்துப் பூஜை விடுமுறை, நம் காலாண்டு விடுமுறை. தீபாவளிக்குப் பிறகு குஜராத். மார்கழியில் கிறிஸ்துமஸ், அரையாண்டு, எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ரோட்டில். தையில் வடக்கே பனிக்கால லீவு, நமக்குப் பொங்கல், ஆந்திராவுக்குச் சங்கராந்தி, போதாக்குறைக்குக் குடியரசு தினத்தோடு சேர்ந்து வரும் சனி ஞாயிறு. பங்குனியில் சில ஊர்களில் பரீட்சை முடிந்துவிடும். நடுவில் மாசி ஒன்றில்தான் இந்தியா முழுக்கப் பிள்ளைகள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள்தான், ஆனால் அந்தக் கப்பலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கைத்தடி வயதுக்காரர்கள்.

கோமதியம்மாள் எங்கள் மாடியேறி வந்தது இதற்குப் பிறகுதான். சின்னக் காஞ்சிபுரத்தில் வீடு. அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவரின் மனைவி. குடையை மடித்துச் சுவரோரம் வைத்துவிட்டு, கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, சின்னக் கப்பலில் இரண்டு பேருக்கு இடம் வேண்டும் என்றார். அதில் ஒரு குழந்தைகூட இருக்கக் கூடாது. கொஞ்சம் குறைவாக இருந்தால் பரவாயில்லையா அம்மா என்று முதலாளி கேட்டார். ஒன்றுகூட வேண்டாம் என்றார்.

எனக்குள் கதை கட்டும் வேலை தொடங்கிவிட்டது. குழந்தை இல்லாதவர்கள் போலிருக்கிறது, பார்த்தால் மனசு கஷ்டப்படும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த நேரம் அவர் கைபேசி அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து பேரன். பல் விழுந்த கதையை அவன் சொல்ல, இவர் ஒவ்வொரு வரிக்கும் அப்படியாடா கண்ணா என்று உருகினார். என் முதல் கதை அங்கேயே செத்தது. சத்தம் ஆகாதவரோ என்று அடுத்த கதை. பக்கத்து வீட்டில் விடியற்காலையிலிருந்து தறி ஓடுமாம், அந்தச் சத்தம் நின்றால்தான் தனக்கு விழிப்பு வரும் என்று அவரே பேச்சுவாக்கில் சொன்னார். அதுவும் போயிற்று. ஏதாவது வேண்டுதலா? முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வா என்று என்னைக் கீழே அனுப்பினார்.

நான் திரும்பி வரும்போது முதலாளி மாசியில் ஒரு தேதி சொல்லியிருந்தார். அந்த வாரத்தில்தான் கோமதியம்மாளுடைய அக்கா பேத்திக்குக் கல்யாணமாம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. கப்பல் அடுத்த முறை புறப்படும்போது பங்குனி வந்துவிடும், பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் குடையையே பார்த்துக்கொண்டிருந்தவர், போட்டுவிடுங்கள் என்றார். முதலாளிக்கே மனசு கேட்கவில்லை. அக்கா வருத்தப்படுவார்களே அம்மா என்றார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

“கல்யாணத்துல நூறு பிள்ளைங்க இருக்கும் சார். அவர அங்க இட்டுக்கினு போனா, நான் ஒண்டியாத்தான் ஒக்காந்துக்கினு இருக்கணும்.”

தலைமை ஆசிரியருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. சில நாள் காலை எது மாலை எது என்று தெரியாது. சாப்பிட்டோமா என்று தெரியாது. ஆனால் நாலு பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டால் போதும், முதுகு நிமிர்ந்துவிடும். உயரவாரியாக வரிசையில் நிற்க வைப்பார். நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். போன கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எழுப்பி வரிசைகட்ட வைத்து, கேட்காத ஒருவனின் காதைப் பிடித்துவிட்டார். அவன் அப்பா எல்லோர் முன்னாலும் கத்தினார். என்ன தப்பு என்று புரியாமல் இவர் நின்றாராம். அந்தச் சண்டையைக்கூட கோமதியம்மாள் பெரிதாகச் சொல்லவில்லை.

“பிள்ளைங்கள பாத்தா எச்.எம். ஆயிடறாரு. அவங்க இல்லாதப்பதான் எப்பனா கொஞ்ச நேரம் என் வூட்டுக்காரரா இருக்கறாரு. வேலையில இருந்தப்ப லீவு வுட்டாலும் ஸ்பெஷல் கிளாசு. என்ன எங்கயும் இட்டுக்கினு போனதில்ல, நானும் கேட்டதில்ல. இன்னும் கொஞ்ச நாள்ல என்ன யாருன்னே தெரியாம பூடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள ஒரு நாலு நாளு சார். எனக்கே எனக்குன்னு.”

முதலாளி கண்ணை மூடவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. கோமதியம்மாள் எதிரிலேயே கொல்கத்தாவுக்குப் போன் போட்டார். பதிவான அறைகளில் யார் யார், என்ன வயது, பள்ளிக்கே போகாத சின்னக் குழந்தை உண்டா என்று ஒவ்வொரு அறையாகக் கேட்டார். இதுவரை இல்லை, இனிமேல் யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது என்றார்கள். போனை வைத்துவிட்டு, மிச்ச அறைகளை நாமே நிரப்பிவிட்டால் அப்புறம் எந்தக் குழந்தை வரும் என்று என்னைக் கேட்டார். சின்னக் கப்பலில் அது ஒரு வசதி. அடுத்த இரண்டு வாரம் நான் பென்ஷன்காரர்கள் வீட்டுப் படியேறி இறங்கினேன். பாங்கியில் இருந்தவர்கள், தபால் ஆபீசில் இருந்தவர்கள், ஐயம்பேட்டையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற கம்பவுண்டர். மாசியில் வீட்டில் கல்யாணம் இல்லாத அத்தனை கிழடுகளையும் கப்பலில் ஏற்றினேன். கூடப்போகும் டூர் மேனேஜரும் நானே.

தலைமை ஆசிரியரை முதல்முறையாக விமானநிலையத்தில் பார்த்தேன். நெடிய உருவம், படிய வாரிய தலை, சட்டைப்பையில் பேனா. என்னைப் பார்த்து, டி.இ.ஓ. ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

கப்பல் கிளம்பியது. அறை அறையாகப் பார்த்தேன், ஒரு குழந்தை இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கணவனும் மனைவியும் கம்பியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் என் பெருமை ஆற்றோடு போயிற்று. கரை நெடுக ஊர்கள். ஒவ்வொரு படித்துறையிலும் பிள்ளைகள். பள்ளி விட்டு வந்தவர்கள், பள்ளிக்கே போகாதவர்கள், கப்பலைக் கண்டதும் கையசைத்துக்கொண்டு கரையோடு ஓடி வருகிறவர்கள். தலைமை ஆசிரியர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆழத்துக்குப் போகாதே என்று தமிழில் அதட்டினார். சூரத்தைக் கேட்டோம், பெங்களூரைக் கேட்டோம், கொல்கத்தாவைக் கேட்டோம். கரையில் இருக்கிற ஊர்களை ஒருவருமே நினைக்கவில்லை.

மறுநாள் செங்கல் கோயில் பார்க்க ஒரு கிராமத்தில் இறங்கினோம். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். தலைமை ஆசிரியர் கோயில் பக்கம் திரும்பவே இல்லை. மரத்தடியில் அவர்களை உயரவாரியாக நிறுத்தினார். தமிழ் ஒரு சொல் தெரியாத வங்காளத்துப் பிள்ளைகள், என்னமோ விளையாட்டு என்று நினைத்து, அவர் விரல் காட்டிய இடத்தில் நின்றார்கள். இரண்டாம் வாய்ப்பாட்டை அவர் தமிழில் சொல்ல, அவர்களும் அதே ராகத்தில் கூவினார்கள். எங்கள் பென்ஷன்காரர்கள் எல்லாம் கைபேசியில் படம் எடுத்தார்கள். நானும் ரசித்துக்கொண்டுதான் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது கோமதியம்மாள் படித்துறையில் தனியாக உட்கார்ந்திருந்தார், மடியில் இரண்டு பேருடைய பையும்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “இங்கயும் வந்துட்டாங்க பாத்தியாம்மா” என்றார். குரலில் கோபமே இல்லை. யாருக்கு டிக்கெட் வாங்கிக்கொடுத்து அழைத்து வந்தோமோ அவர் அந்தக் கூட்டத்தில் தனி ஆளாக உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை கப்பல் மாஸ்டரிடம் போனேன். நாளைக்குக் கரையில் கட்டாமல் நடு ஆற்றில் நங்கூரம் போடுங்கள், இறங்குகிறவர்களைப் படகில் அனுப்பிக்கொள்ளலாம் என்றேன். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று அவர் எரிச்சலோடு கேட்டார். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள் சார் என்று இந்த வாயால் நானே சொன்னேன். கொஞ்சம் முறைத்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் ஆறு விரிந்து கிடக்கிற இடத்தில் கப்பல் நின்றது. கரையில் ஆள் இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாத தூரம். கோமதியம்மாளையும் கணவரையும் தவிர எல்லோரும் படகில் ஏறிப் போனார்கள். நான் தலைவலி என்று சொல்லித் தங்கிவிட்டேன். பொய்தான். என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குப் போக முடியவில்லை. மேல்தளத்தில் கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலியில், அவர்களைக் கவனிக்காதவள்போலப் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஓரக்கண்ணை அங்கேயே வைத்திருந்தேன்.

தலைமை ஆசிரியர் நிலைகொள்ளாமல் நடந்தார். கம்பியோரம் போய்ப் பார்த்தார், தண்ணீர்தான் இருந்தது. கீழே இறங்கிப் போனார். திறந்திருந்த அறைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டு வந்திருப்பார் போலிருக்கிறது, திரும்பி வர நேரமாயிற்று. கோமதியம்மாள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. வந்தவர் அவர் எதிரில் நின்றார்.

“பிள்ளைங்க எல்லாம் எங்க?”

கோமதியம்மாள் ரொம்பச் சாதாரணமாக, “லீவு வுட்டாச்சுங்க” என்றார்.

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான். ஸ்பெஷல் கிளாசு கூட இல்ல.”

அவர் யோசித்தார். பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்து, மறுபடி செருகிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆற்றையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். அவர் முகத்தில் அதிகாரம் எல்லாம் இறங்கி, எனக்குத் தெரியாத ஒரு ஆள் அங்கே இருந்தார்.

“அப்படின்னா, கோமதி, நாம ரெண்டு பேரும் எங்கனா போய்ட்டு வரலாமா?”

“போலாங்க” என்றார் கோமதியம்மாள். “எப்ப போலாம்?”

“இப்பவே கெளம்பு. லீவு முடியறதுக்குள்ள போயிடணும்.”